பனி உடைந்தால் குஞ்சுகள் எங்கே நிற்கும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்டார்டிகாவில் பென்குயின் குஞ்சுகள் ஆயிரக்கணக்கில் செத்துப்போயின என்று அவ்வப்போது உள்பக்கத்தில் ஒரு சின்னச் செய்தி வருகிறது. ஒரு படம், நாலு வரி, கடைசியில் பருவநிலை மாற்றம்தான் காரணம் என்று ஒரு வாக்கியம். படித்து உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். நானும் பல வருடம் அப்படித்தான் இருந்தேன். ஒருநாள் வீட்டிலிருக்கும் சின்னப் பெண் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "பென்குயினுக்குத்தான் நீந்தத் தெரியுமே, அப்புறம் எப்படித் தண்ணியில செத்துச்சு?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றைக்குத் தேடிப் படிக்க ஆரம்பித்தவன் இன்னும் நிறுத்தவில்லை. கடிதம் நீளமாகத்தான் இருக்கும். இடம் போதாமல் வெட்டினால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் பின்னால் வரும் ஒப்பந்த விவகாரத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் அவள் கேட்ட கேள்வி. அந்தச் செய்திகளில் வருவது எம்பரர் பென்குயின், பென்குயின்களிலேயே பெரிய இனம். அதன் குஞ்சின் உடம்பில் முதலில் இருப்பது சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரியான தூவிதான். அது குளிரைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. நனைந்தால் உடம்போடு ஒட்டிக்கொள்ளும், சூடு நிற்காது, குஞ்சு விறைத்துப்போகும். தண்ணீர் புகாத உண்மையான இறகு முளைத்து முடிய டிசம்பர் ஆகும், சில இடங்களில் ஜனவரிகூட ஆகிவிடும். அதுவரைக்கும் காலுக்குக் கீழே பனி இருந்தே தீர வேண்டும். நவம்பரிலேயே பனி உடைந்துவிட்டால் அந்தக் குஞ்சுகளுக்குப் போக இடமில்லை. சில கடலில் விழுந்து மூழ்கும், சில நனைந்து குளிரில் சாகும், மிதக்கும் பனித்துண்டில் மாட்டிக்கொண்டு பெற்றோரைப் பிரிந்து பட்டினியில் சாவதும் உண்டு.

அந்தப் பனி எப்படிப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிரச்சினை முழுவதும் அதில்தான் இருக்கிறது. எம்பரர் பென்குயின்களில் பெரும்பாலானவை நிலத்தில் கால் வைக்காமலே வாழ்ந்து முடிக்கின்றன. குளிர்காலத்தில் கடல் மேற்பரப்பு உறைகிறது இல்லையா, அந்தக் கடற்பனியில் ஒரு பகுதி கரையோடும் பனித்தட்டோடும் (நிலத்துப் பனி கடலின் மேல் நீண்டு மிதக்கும் தடித்த பகுதி) தரைதட்டி நிற்கும் பெரிய பனிமலைகளோடும் ஒட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும். மற்றது காற்றிலும் நீரோட்டத்திலும் அலைந்துகொண்டே இருக்கும். ஒட்டி நிற்கும் பனியில்தான் இவை கூடி முட்டையிடுகின்றன. அதுவும் எந்தப் பனியாக இருந்தாலும் சரி என்று கிடையாது. ஏப்ரல் வாக்கில் உருவாகி டிசம்பர் கடைசிவரை உடையாமல் நிற்க வேண்டும், அதே நேரம் திறந்த கடல் ரொம்பத் தூரத்திலும் இருக்கக் கூடாது, ஏனென்றால் குஞ்சுக்கு இரை கொண்டுவர தாயும் தந்தையும் மாறிமாறி நடந்தாக வேண்டும். பனி குறைந்தால் குஞ்சு மூழ்கும், அகலம் கூடினால் குஞ்சு பட்டினி கிடக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய இடைவெளியில் இந்தப் பறவையின் வாழ்க்கை நடக்கிறது.

அந்த நடுக்குளிர்காலத்தில் நடப்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். அங்கே பருவம் நமக்குத் தலைகீழ், நம் கோடைதான் அதன் குளிர்காலம். மே, ஜூனில் பெண் ஒரே ஒரு முட்டை இடும். அதை ஆணின் பாதங்களின் மேல் தள்ளிக் கொடுத்துவிட்டுக் கடலுக்குப் போய்விடும், திரும்பி வர ஏறத்தாழ இரண்டு மாதம். அந்த இரண்டு மாதமும் ஆண், முட்டை பனியில் பட்டுவிடாதபடி பாதத்தின் மேலேயே வைத்து, வயிற்று மடிப்பால் மூடிக்கொண்டு நிற்கும். படுப்பதில்லை, சாப்பிடுவதில்லை. ஜோடி சேர வந்த நாளிலிருந்து கணக்குப் பார்த்தால் அதன் பட்டினி நூறு நாளைத் தாண்டுகிறது, உடம்பின் எடையில் பாதிக்குக் கிட்டத்தட்ட கரைந்துபோகிறது. சூரியன் தலைகாட்டாத இருட்டு, பூஜ்யத்துக்குக் கீழே 40, 50 டிகிரி, மேலே பனிப்புயல். ஆண்கள் எல்லாம் நெருக்கியடித்து ஒரே கும்பலாக நின்று, வெளி ஓரத்தில் காற்று வாங்குகிறவை மெல்ல மெல்ல உள்ளே நகர, உள்ளே இருப்பவை வெளியே வர, இப்படி முறைபோட்டு நின்று குளிர்காலத்தைக் கடத்துகின்றன. தாய் வருவதற்கு முன்பே குஞ்சு பொரித்துவிட்டால், அவ்வளவு நாள் பட்டினி கிடந்த அந்த ஆணின் தொண்டையில் சுரக்கும் பால் போன்ற ஒன்றைத்தான் குஞ்சுக்கு முதல் உணவாக ஊட்டுகிறது. இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இவ்வளவு பாடுபட்டு நிற்பது எதன் மேல்? ஒன்றிரண்டு மீட்டர் தடிமனுள்ள உறைந்த கடல்நீரின் மேல்.

சரி, இப்போது என்ன நடக்கிறது? அண்டார்டிகாவை ஒட்டிய வெடல் கடல் ஓரத்தில் ஹேலி பே என்று ஒரு இடம். உலகிலேயே இரண்டாவது பெரிய எம்பரர் பென்குயின் கூட்டம் அங்கே இருந்தது, வருடத்துக்குப் பதினைந்தாயிரத்திலிருந்து இருபத்து நாலாயிரம் ஜோடிகள்வரை. அந்தப் பக்கம் குளிர் அதிகம், வெப்பமாதல் எங்கே தாக்கினாலும் இங்கே தாக்கக் கடைசி ஆகும், கடைசிப் புகலிடமாக இருக்கும் என்றுதான் ஆராய்ச்சியாளர்கள் நம்பியிருந்தார்கள். 2015ல் பலமான எல் நினோ, அதாவது பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகி உலக வானிலையையே குழப்பும் நிகழ்வு. 2016ல் புயல்காற்று அடித்து, குஞ்சுகளுக்கு இறகு முளைக்கும் முன்பே பனி உடைந்தது. அந்த வருடக் குஞ்சுகள் போயின. 2017லும் பனி சரியாக நிற்கவில்லை, 2018லும் அப்படியே. மூன்று வருடம் தொடர்ந்து ஏறக்குறைய ஒரு குஞ்சுகூடத் தேறவில்லை. பிரிட்டிஷ் அண்டார்டிக் ஆய்வு நிறுவனத்தின் பீட்டர் ஃப்ரெட்வெல், ஃபில் டிராதன் இருவரும் 2019ல் இதை வெளியிட்டபோது உலகம் கொஞ்சம் திரும்பிப் பார்த்தது.

அப்புறம் 2022. அண்டார்டிகத் தீபகற்பத்துக்கு மேற்கே இருக்கும் பெலிங்ஸ்ஹவுசன் கடலில் ஐந்து கூட்டங்கள். அந்த வருடம் பனி சீக்கிரமே கலைந்துவிட, ஐந்தில் நான்கில் ஒரு குஞ்சும் தப்பவில்லை என்று செயற்கைக்கோள் படங்கள் காட்டின. ஒரு கூட்டம் தோற்றுப்போவது முன்பும் நடந்திருக்கிறது. ஒரே பருவத்தில் ஒரு பகுதி முழுக்கத் தோற்றுப்போனதைப் பதிவு செய்தது அதுதான் முதல் முறை. 2018க்கும் 2022க்கும் இடையில், அன்றைக்குத் தெரிந்திருந்த 62 கூட்டங்களில் ஏறத்தாழ 30 சதவீதம் பகுதியாகவோ முழுதாகவோ பனியை இழந்திருக்கின்றன. 2023ல் கடற்பனி இன்னும் மோசம். பிப்ரவரியில் அண்டார்டிகாவைச் சுற்றி வெறும் 17.9 லட்சம் சதுர கிலோமீட்டர்தான் மிஞ்சியது, அளவெடுக்கத் தொடங்கியதிலிருந்து அவ்வளவு குறைந்ததில்லை. அதே வருடக் குளிர்கால உச்சமும் முந்தைய குறைந்தபட்சப் பதிவைவிடச் சுமார் 10 லட்சம் சதுர கிலோமீட்டர் குறைவாக நின்றுபோனது.

இந்தக் கூட்டங்களை எண்ணுவது எப்படி என்பதும் எனக்குப் பெரிய ஆச்சரியம். 1911ல், தென்துருவத்தை அடையப் போன பிரிட்டிஷ்காரர் ஸ்காட்டின் குழுவைச் சேர்ந்த வில்சன், பவர்ஸ், செர்ரி கேரார்ட் என்ற மூன்று பேர் நடுக்குளிர்கால இருட்டில் கேப் குரோசியர் வரைக்கும் வண்டி இழுத்துக்கொண்டு போனார்கள், எம்பரர் பென்குயின் முட்டைக்காக மட்டும். ஐந்து வாரம். உயிர் போய்ப் போய் வந்தது, கூடாரம் காற்றில் பறந்தது, எடுத்த ஐந்து முட்டையில் இரண்டு வழியிலேயே உடைந்து மூன்றுதான் கொண்டுவர முடிந்தது. இன்றைக்கு விண்வெளியிலிருந்து பார்க்கிறார்கள். பறவையே தெரியாத படத்திலும், வெள்ளைப் பனியில் அவற்றின் எச்சம் பழுப்புக் கறையாகத் தெரியும், அந்தக் கறையை வைத்துத்தான் கூட்டத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். கூர்மையான படம் கிடைத்தால் எத்தனை பறவை என்றும் மதிப்பிடுகிறார்கள். 2012ல் வெளிவந்த முதல் முழுக் கணக்கெடுப்பில் 46 கூட்டங்கள், சுமார் 5,95,000 பறவைகள். 2024 தொடக்கத்தில் கூட்டங்களின் எண்ணிக்கை 66 ஆகியிருந்தது. இதைக் கேட்டு பென்குயின் பெருகிவிட்டது என்று யாராவது சந்தோஷப்பட்டால், தயவுசெய்து வேண்டாம். முன்பே இருந்தவற்றை, அல்லது பழைய இடம் உடைந்து வேறு இடம் தேடிப் போனவற்றைத்தான் புதிதாகப் பார்த்திருக்கிறோம். பறவைகளின் எண்ணிக்கை 2009க்கும் 2018க்கும் இடையில் சுமார் 10 சதவீதம் குறைந்திருக்கிறது. அண்டார்டிகத் தீபகற்பம், வெடல் கடல், பெலிங்ஸ்ஹவுசன் கடல் சேர்ந்த பகுதியில் 16 கூட்டங்களை 2024 வரை தொடர்ந்து பார்த்ததில் 22 சதவீதம் வீழ்ச்சி. எம்பரர் பென்குயின் இருபது வருடம்போல வாழக்கூடிய பறவை, அதனால் ஒன்றிரண்டு வருடம் குஞ்சு தேறாவிட்டாலும் கூட்டம் பார்வைக்கு அப்படியே நிற்கும். பெரியவை நிற்கின்றன, அடுத்த தலைமுறை இல்லை. எண்ணிக்கையில் அது தெரியவருவதற்குள் காலம் கடந்துவிடும், எனக்கு இருக்கிற பயமே இதுதான்.

"இங்கே பனி போனால் வேறு இடத்துக்குப் போய்க்கொள்ளும்" என்று நண்பர் ஒருவர் சொன்னார். அதில் பாதி உண்மை. ஹேலி பேயில் தோற்ற பறவைகளில் நிறைய, ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் டாசன் லாம்டன் கூட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தன, அந்தக் கூட்டம் பத்து மடங்கு பெருத்தது. சில இடங்களில் கடற்பனி சரியாக வராதபோது பனித்தட்டின் மேலேயே ஏறி முட்டையிடுவதையும் பார்த்திருக்கிறார்கள். 2024 ஜனவரியில் அட்கா விரிகுடாவில் நூற்றுக்கணக்கான இளம் பென்குயின்கள் சுமார் 15 மீட்டர் உயரமுள்ள பனிச்சுவரின் விளிம்பில் தயங்கித் தயங்கி நின்று ஒவ்வொன்றாகக் கடலில் குதித்ததை ட்ரோன் படம் பிடித்திருக்கிறது. ஆக, பறவை தன்னால் ஆனதைச் செய்கிறது. ஆனால் பக்கத்துக் கூட்டம் நன்றாக இருந்தால்தானே அங்கே போக முடியும்? பெலிங்ஸ்ஹவுசனில் நடந்தது மாதிரி அக்கம்பக்கம் எல்லாம் ஒரே வருடத்தில் உடைந்தால் எங்கே போகும்? இந்தப் பறவைக்கு இதைவிடத் தெற்கே கடல் கிடையாது.

இப்போது பாதுகாப்பு என்ற பேச்சுக்கு வருகிறேன். காடு என்றால் எல்லைக்கல் நடலாம், வேட்டைக்காரனைப் பிடிக்கலாம். உறைந்த கடலில் எல்லைக்கல்லை எங்கே நடுவது? டயன் தீவுகள் என்ற இடத்தில் நடந்ததைப் பாருங்கள். அண்டார்டிகத் தீபகற்பத்தின் மேற்குப் பக்கம் சின்னத் தீவுக்கூட்டம். 1948ல் அங்கே சுமார் 150 ஜோடி எம்பரர் பென்குயின்கள் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். 1966ல் அதைச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தார்கள், அனுமதி இல்லாமல் யாரும் போகக் கூடாது. சட்டத்தை யாரும் பெரிதாக மீறியதாகத் தெரியவில்லை. சுற்றிலும் கடற்பனி மட்டும் வருடா வருடம் தாமதமாக வந்து சீக்கிரம் போனது. 1999ல் இருபது ஜோடிகூட இல்லை. 2009ல் போய்ப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. வரைபடத்தில் கோடு பத்திரமாக இருக்கிறது, உள்ளே பறவைதான் இல்லை.

அதற்காகப் பாதுகாக்கப்பட்ட பகுதியே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. மனிதன் கிட்டப் போய்ச் செய்யும் கெடுதலும் இருக்கிறது. பிரான்ஸின் டியூமோன் டியூர்வில் ஆய்வு நிலையத்துக்காக, பறவைகள் கூடு கட்டியிருந்த சின்னத் தீவுகளை வெடி வைத்துத் தகர்த்து விமான ஓடுதளம் போட்டார்கள், பக்கத்திலேயே எம்பரர் பென்குயின் கூட்டம் இருக்கிறது. உலகம் முழுக்க எதிர்ப்பு. 1993ல் வேலை முடிந்தது, 1994 ஜனவரியில் கடல் பொங்கி அடித்து ஓடுதளம் நாசமானது, அப்புறம் அதைப் பயன்படுத்தவே இல்லை. இறந்த பறவைகளுக்கு யார் கணக்குச் சொன்னார்கள்? இப்போது ஒரு பருவத்தில் அண்டார்டிகா போகும் சுற்றுலாப் பயணிகள் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். பறவைக் காய்ச்சலும் 2024 பிப்ரவரியில் அந்தக் கண்டத்தை எட்டிவிட்டது. முட்டையோடு நிற்கும் கூட்டத்தின் மேல் ஹெலிகாப்டர் தாழப் பறந்தால் கலைந்து ஓடுகையில் முட்டை பாதத்திலிருந்து விழும், விழுந்த முட்டை நிமிடக்கணக்கில் உறைந்துவிடும். ஆகவே கிட்டப் போகாதே, தாழப் பறக்காதே, பூட்ஸைக் கழுவிவிட்டு இறங்கு என்ற விதிகள் எல்லாம் வேண்டும், கண்டிப்பாக வேண்டும். என் ஆதங்கம், இடத்தைக் காக்கும் சட்டம் மட்டும் இந்தப் பறவைக்குப் போதாது என்பது. இடம் நகர்கிறது, கூட்டமும் நகர்கிறது. ஆகவே அது எங்கே போய் நின்றாலும் கூடவே போகிற பாதுகாப்பு வேண்டும், அதாவது பாதுகாப்பு இனத்துக்கே வேண்டும், அப்புறம் அது இரை தேடும் கடலுக்கும் வேண்டும்.

இனத்துக்குப் பாதுகாப்பு கொடுக்கும் வழி ஏற்கெனவே இருக்கிறது. 1959ல் கையெழுத்தான அண்டார்டிக் ஒப்பந்தம், அதன் தொடர்ச்சியாக 1991ல் மாட்ரிட்டில் செய்துகொண்ட சுற்றுச்சூழல் நெறிமுறை. சுரங்கம் தோண்டக் கூடாது என்று சொன்னதும், வெளியிலிருந்து கொண்டுபோன நாய்களை 1994க்குள் வெளியேற்றச் சொன்னதும் அதுதான். அதன் ஓர் இணைப்பில், தனிச் சிறப்புப் பாதுகாப்பு பெறும் இனங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. இன்றைக்கு அந்தப் பட்டியலில் இருப்பது ராஸ் சீல் என்ற ஒரே விலங்கு. எம்பரர் பென்குயினையும் அதில் சேர்த்து, எவ்வளவு தூரத்தில் கப்பல் நிற்க வேண்டும், விமானம் எப்படிப் பறக்க வேண்டும், எதையெல்லாம் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்று ஒரு செயல்திட்டமும் தயாரித்து, 2022ல் பெர்லினில் நடந்த கூட்டத்தில் வைத்தார்கள். ஏறக்குறைய எல்லா நாடுகளும் சரி என்றன. சீனா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை, சான்று போதாது என்பது அதன் வாதம். அங்கே ஓட்டெடுப்பு கிடையாது, எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. ஆகவே முடிவு இல்லை. திட்டத்தை எங்கள் அளவில் கடைப்பிடிப்போம் என்று பல நாடுகள் சொன்னது மட்டும்தான் ஆறுதல். அதே 2022 அக்டோபரில் அமெரிக்கா தன் சொந்தச் சட்டத்தில் எம்பரர் பென்குயினை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அறிவித்தது.

2024 மே மாதம் இந்த ஒப்பந்த நாடுகளின் 46ஆவது கூட்டம் எங்கே நடந்தது தெரியுமா? கொச்சியில். இந்தியா 1983லிருந்து அந்த மேசையில் முடிவெடுக்கும் உரிமையோடு உட்கார்ந்திருக்கும் நாடு. அண்டார்டிகாவில் மைத்ரி, பாரதி என்று இரண்டு நிலையங்கள் நமக்கு இயங்குகின்றன. 2012ல் திறந்த பாரதி நிலையம் லார்ஸ்மன் குன்றுகளில் இருக்கிறது, அதே கடற்கரையில் அமண்டா விரிகுடா என்ற இடத்தில் எம்பரர் பென்குயின் கூட்டம் ஒன்று இருக்கிறது, அது பாதுகாக்கப்பட்ட பகுதி. 2022ல் நாடாளுமன்றம் இந்திய அண்டார்டிக் சட்டத்தை நிறைவேற்றியது, அங்கே போகிற இந்தியர் பறவைகளையும் விலங்குகளையும் தொந்தரவு செய்வதே தண்டனைக்குரியது. இவ்வளவு சம்பந்தம் இருந்தும் கொச்சிக் கூட்டத்தைப் பற்றி நம் மொழியில் நான் தேடிப் படித்த செய்திகளில் பென்குயினைக் காணவில்லை. சுற்றுலாவை நெறிப்படுத்தப் பணிக்குழு அமைத்தது நல்ல முடிவு, அதுவாவது வந்தது.

அடுத்தது கடல். எம்பரர் பென்குயின் சாப்பிடுவது பெரும்பாலும் அண்டார்டிக் வெள்ளிமீன், அப்புறம் கிரில், கணவாய். கிரில் என்பது இறால் மாதிரி ஒரு சின்ன உயிரி. அதன் குஞ்சுகள் குளிர்காலத்தில் கடற்பனியின் அடிப்பக்கம் வளரும் பாசியைத் தின்றுதான் பிழைக்கின்றன. வெள்ளிமீனின் முட்டையும் பனிக்கு அடியில்தான் பொரிக்கிறது. ஆக பனி போனால் தொட்டிலும் போகிறது, சாப்பாட்டுத் தட்டும் போகிறது. இந்த நேரத்தில் அதே கடலில் கிரில்லை அள்ளும் கப்பல்கள் வேறு, மீன் பண்ணைத் தீவனத்துக்கும் ஒமேகா மாத்திரைகளுக்கும். தெற்கு அட்லாண்டிக் பக்கம் வருடத்துக்கு 6,20,000 டன் என்று ஓர் உச்சவரம்பு உண்டு. அந்த அளவை ஒரே இடத்தில் அள்ளிவிடாமல் பல பகுதிகளுக்குப் பிரித்து வைத்திருந்த விதி 2024ல் காலாவதியானது, புதுப்பிக்க ஒருமித்த கருத்து வரவில்லை. அடுத்த பருவத்திலேயே, 2025ல், உச்சவரம்பு முழுக்க எட்டப்பட்டு மீன்பிடிப்பைப் பாதியில் மூட வேண்டியதாயிற்று. பென்குயினும் சீலும் திமிங்கிலமும் இரை தேடும் அதே கரையோரத்தில் கப்பல்கள் குவிந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

இதை முடிவு செய்வது இன்னொரு ஆணையம், அண்டார்டிகக் கடல்வாழ் உயிர்வளங்களைக் காப்பதற்கென்று 1980ல் செய்த ஒப்பந்தத்தின் கீழ் வந்தது. வருடா வருடம் அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டில் கூடும். 2016ல் அவர்கள் ஒரு பெரிய காரியம் செய்தார்கள், ராஸ் கடலில் 15.5 லட்சம் சதுர கிலோமீட்டரைப் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதியாக ஒத்துக்கொண்டார்கள், முதலில் மறுத்த சீனாவும் ரஷ்யாவும் உட்பட. எம்பரர் பென்குயினின் பெரிய கூட்டங்கள் சில அந்தக் கரையில்தான் இருக்கின்றன. முடியாது என்று கையை விரித்துக்கொண்டிருந்த விஷயம் பல வருடப் பேச்சில் முடிந்தது, அதனால்தான் எனக்கு இன்னும் நம்பிக்கை இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு கிழக்கு அண்டார்டிகா, வெடல் கடல், தீபகற்பம் என்று மூன்று முன்மொழிவுகள் கிடப்பில் கிடக்கின்றன, அதே இரண்டு நாடுகள்தான் ஒத்துக்கொள்ளவில்லை. 2021ல் கிழக்கு அண்டார்டிகாவுக்கும் வெடல் கடலுக்குமான முன்மொழிவை இணைந்து முன்வைக்கிறோம் என்று இந்தியா வெளிப்படையாக அறிவித்தது. மனதாரப் பாராட்டுகிறேன். அறிவித்ததோடு நின்றதா, அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அந்த மேசையில் நம் ஆட்கள் என்ன பேசினார்கள் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

கார்பனைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பொய் சொன்னது மாதிரி ஆகும். மீன்பிடிப்பை நிறுத்தினாலும் சுற்றுலாவைத் தடுத்தாலும் கடலும் காற்றும் சூடாகிக்கொண்டே இருந்தால் பனி நிற்காது. இப்போதைய போக்கிலேயே போனால் இந்த நூற்றாண்டு முடிவதற்குள் 90 சதவீதத்துக்கு மேலான கூட்டங்கள் மீள முடியாத அளவுக்குக் குறைந்துவிடும் என்பது ஆராய்ச்சியாளர்களின் கணிப்பு. பாரிஸ் ஒப்பந்தத்தின் இலக்குக்குள் நிறுத்தினால் பெரும்பகுதியைக் காப்பாற்றலாம் என்றும் அதே ஆய்வுகள் சொல்கின்றன. "அப்படியானால் கார்பனைக் குறைத்தால் போதுமே, இந்தப் பட்டியலும் கடற்பகுதியும் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. கார்பனைக் குறைத்தாலும் பனி அடுத்த வருடமே திரும்பி வந்துவிடாது. நடுவில் பல பத்தாண்டுகள் இருக்கின்றன. அந்தக் காலத்தைத் தாண்டும்வரை ஒவ்வொரு கூட்டத்திலும் முடிந்த அளவு பறவை உயிரோடு இருக்க வேண்டும், வயிறு நிறைய இரை கிடைக்க வேண்டும், ஒரு வருடம் தோற்றால் மறு வருடம் முட்டையிட உடம்பில் தெம்பு இருக்க வேண்டும். மீன்பிடி எல்லையும் விமான விதியும் கொடுக்கக்கூடியது அந்தத் தெம்பைத்தான்.

மனிதர்களுக்கே ஆயிரம் கஷ்டம் இருக்கும்போது பென்குயினுக்காக இவ்வளவு எழுத வேண்டுமா என்றும் சிலர் கேட்பார்கள். அந்தக் குஞ்சு ஒரு தப்பும் செய்யவில்லை ஐயா. அதன் தகப்பன் நூறு நாள் பட்டினி கிடந்து அதைப் பொரித்திருக்கிறது. அது நிற்கும் பனியை உடைத்ததில் நம் எல்லோருடைய பங்கும் இருக்கிறது, கூடவோ குறையவோ. எனக்கு இதற்கு மேல் காரணம் தேவைப்படவில்லை.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். அக்டோபரில் ஹோபார்ட்டில் கூட்டம் நடக்கும் அதே நாட்களில் அங்கே குஞ்சுகள் பஞ்சுத் தூவியோடுதான் பனியில் நின்றுகொண்டிருக்கும், இறகு முளைக்க இன்னும் இரண்டு மாதம் பாக்கி இருக்கும். இந்த வருடமாவது அந்தக் கூட்டத்தில் இந்தியா எழுந்து என்ன சொன்னது, கிழக்கு அண்டார்டிகா முன்மொழிவு என்ன ஆனது, கிரில் விதி திரும்ப வந்ததா என்று கேட்டு வாங்கி, நாலு வரியில் முடிக்காமல் ஒரு முழுச் செய்தியாகப் போடுங்கள். டிசம்பர் கடைசியில் செயற்கைக்கோள் படங்கள் வந்த பிறகு எந்தெந்தக் கூட்டத்தில் பனி நின்றது என்பதையும் போடுங்கள். வீட்டில் அந்தப் பெண் இப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள், படித்துக்காட்டக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்